பட்டியலா, வாக்கியமா? கடினமான ஆங்கிலச் சொற்களைப் பிடிக்க எது நல்ல வழி

கிளிநொச்சியில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் உயர்தரப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். இன்று இருபது சொல்லையும் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். அடுத்த கிழமை கேட்டால் பாதிகூடத் தேறாது. பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தொடர்பில்லாமல் பாடமாக்கியது எவ்வளவு வேகமாக மறந்துபோகும் என்பதை ஜேர்மன் உளவியலாளர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னைத் தானே சோதித்துக் காட்டிவிட்டார்.

மற்ற வழி, வாக்கியத்துக்குள் இருக்கும் குறிப்பைப் பிடித்துப் பொருளை ஊகிப்பது. தமிழை நாங்கள் அப்படித்தானே படித்தோம்? 'இரணைமடு வான் பாயுது, கீழ்ப்பக்கம் போகாதேங்கோ' என்று பெரியவர்கள் சொன்னபோது, 'வான்' என்றால் என்னவென்று யாரும் அகராதி பார்க்கவில்லை. குளம் நிரம்பி மேலதிக நீர் வழியும் இடம் என்ற பொருளை மழையும் குளமும் அவர்களின் பதற்றமும் சொல்லிவிட்டன. அதேபோல, மழை பிழைத்த வருடத்தில் கமக்காரருக்குக் கிடைத்தது 'மீகர்' அறுவடை என்று ஒரு பந்தியில் வந்தால், வன்னிப் பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. சொற்பம், போதாது என்று தானே சொல்லும்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. மொழி கற்றல் ஆய்வாளர்களான ஹூவும் பால் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையைத் துணையின்றி வசதியாக விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் 98 வீதம் அளவு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். வரிக்கு நாலு சொல் தெரியாத பிள்ளையிடம் 'ஊகி' என்பது, கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது மாதிரி. அந்தப் பிள்ளைக்குப் பட்டியல்தான் உதவும். அடிக்கடி வரும் முதல் இரண்டாயிரம் சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி, நாள் விட்டு நாள் மீட்டட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது. ஊகிக்கப் பழக நிறைய வாசிக்க வேண்டும். 2009 இடப்பெயர்வோடு புத்தகங்களும் போய்விட்ட வீடுகள் இங்கே எத்தனையோ. பட்டியலுக்கு ஒரு கொப்பி போதும், வாசிப்புக்குப் புத்தகம் வேண்டும்.

கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்ப்பது மூன்றாவது வழி. அது அவசரத்துக்கு உதவும், ஆனால் மனம் உழைக்காததால் சொல் தங்காது.

சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதும் உண்டு, அதில் கவனம் தேவை. 'ஷோட்கமிங்ஸ்' என்பதை மாணவர்கள் 'குறுகிய வருகைகள்' என்று எடுத்துக்கொள்வதை பாற்றியா லாவ்பர் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அதன் பொருள் குறைபாடுகள். வாக்கியத்தைக் கவனித்திருந்தால் அந்தப் பிழை அநேகமாக வந்திராது.

வாக்கியமும் சில வேளை பாதி தூரம்தான் கூட்டிப்போகும். 'அண்ணன் காசைத் தண்ணீராய் இறைப்பவர், தம்பியோ ஃப்ரூகல்' என்ற கருத்தில் ஒரு வசனம் கொடுத்தேன். 'தம்பி கஞ்சன்' என்றான் ஒருவன். எதிர்நிலையைச் சரியாகவே பிடித்திருந்தான். ஆனால் அந்தச் சொல்லில் இகழ்ச்சி இல்லை, அது சிக்கனம். திசையைக் காட்ட வாக்கியம் போதும், சொல்லின் நிறத்தை அறிய அகராதி வேண்டும். அதனால் என் தெரிவு வாக்கியம்தான், அகராதி அதற்குப் பிறகு. முதலில் ஊகத்தைப் பென்சிலால் எழுத வேண்டும், பிறகு அகராதியைப் பார்த்துத் திருத்த வேண்டும், கடைசியில் சொந்தமாக ஒரு வசனம் எழுத வேண்டும்.

அவன் 'கஞ்சன்' என்பதை வெட்டிவிட்டுக் கீழே ஆங்கிலத்தில் எழுதிய வசனத்தின் பொருள் இது: 'என்ர அம்மம்மா ஃப்ரூகல், ஆனால் வீட்டுக்கு ஆர் வந்தாலும் சாப்பாடு போடாமல் விடமாட்டா.'