ஸ்கார்ப்பியோ என்-ஆ, எக்ஸ்யூவி 700-ஆ? இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியதில் தெரிந்தது

மஹிந்திராவின் இந்த இரண்டு வண்டியில் எதை எடுக்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதைத்தான். ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பது), குதிரைத்திறன், சன்ரூஃப் எல்லாம் அப்புறம்.

என்னிடம் இருப்பது ஸ்கார்ப்பியோ என், இசட் 8 எல் ரகம், டீசல் ஆட்டோமேட்டிக், ஃபோர் பை ஃபோர். மனைவியின் தம்பி எடுத்தது எக்ஸ்யூவி 700 டீசல் ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ். இரண்டு வீடும் கோவையில் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதால் ஆள் கணக்குக்கும் போகிற ஊருக்கும் தகுந்தபடி சாவியை மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

விவரப் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். இரண்டிலும் 2.2 லிட்டர் டீசல் இன்ஜின். ஆட்டோமேட்டிக்கில் என்னுடையது சக்தி 175 பி.எஸ்., இழுவை (டார்க்) 400 நியூட்டன் மீட்டர். மச்சானுடையது 185 பி.எஸ்., 450 நியூட்டன் மீட்டர். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், இரண்டுக்கும் 2,750 மி.மீ. ஆனால் ஸ்கார்ப்பியோ என் தனிச் சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டி, எக்ஸ்யூவி 700 மோனோகாக், அதாவது சேஸிஸும் பாடியும் ஒரே கூடு. கீழே சொல்லப்போகும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் வருகின்றன.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் உட்கார்ந்து போகும்வரை ஸ்கார்ப்பியோ என் பற்றி ஒரு குறையும் தெரியாது, உயரத்தில் உட்கார்ந்து ராஜா மாதிரி போகலாம். பின்னால் உட்கார்ந்தால்தான் கதை வேறு. பின் சஸ்பென்ஷனில் வாட்ஸ் லிங்கேஜ் என்ற இணைப்புக் கம்பிகளை வைத்துப் பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், பழைய ஸ்கார்ப்பியோவில் போனவர்களுக்கு அது உடனே தெரியும், இருந்தாலும் உயரமான, கனமான வண்டி வளைவில் சாயத்தான் செய்யும். ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூவில் நிறுத்தினால் என் சின்ன மகள் முதலில் கேட்பது எலுமிச்சம்பழம். அதே பாதையில் எக்ஸ்யூவியில் போனபோது அவள் அட்டகட்டி தாண்டியும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசைக்கு வருகிறேன். எக்ஸ்யூவியில் அந்த இருக்கையைப் பாதி பாதியாக மடக்கலாம். ஆறு பேர் போனால் ஒரு பாதியில் ஆள், இன்னொரு பாதியில் பெட்டிகள். ஸ்கார்ப்பியோ என்-ல் அது ஒரே பெஞ்ச், மடக்கினால் முழுசாக மடக்க வேண்டும், விரித்தால் பின்னால் இரண்டு மூன்று பைக்கு மேல் வைக்க இடமில்லை. பழனிக்குப் போய் அன்றைக்கே திரும்புவதென்றால் பரவாயில்லை, இரண்டு நாள் தங்குவதென்றால் மேலே கேரியர் போட்டே ஆக வேண்டும். பின்கதவும் பக்கவாட்டில் திறப்பதால், கோயில் பார்க்கிங்கில் பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் பையை எடுக்க முடியாது. எக்ஸ்யூவியில் மூன்றாவது வரிசைக்குத் தனி ஏசி காற்றும் வருகிறது. சித்திரை வெயிலில் ஸ்கார்ப்பியோவின் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னால் எங்கள் வீட்டில் சண்டையே வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் ஏற ஃபுட் போர்டு இல்லாமல் முடியாது. எக்ஸ்யூவியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் தானே ஏறிவிடுகிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ஸ்கார்ப்பியோவை வைத்திருக்கிறேன் என்றால், உடுமலைப் பக்கம் இருக்கும் தோட்டம்தான் காரணம். கரிசல் மண். ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி பெய்தாலே தடம் களியாகிவிடும், டயரின் வெட்டுப் பள்ளங்களில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் வழவழவென்று சும்மா சுற்றும். போன மழைக்கு வாய்க்காலை ஒட்டின மேட்டில் ஏறும்போது பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரி அடித்துக்கொண்டிருந்தது, ஆக்சிலரேட்டரை விடாமல் லேசாக மிதித்தபோது அடியில் டக்கென்று ஒரு சத்தம், இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் லாக் ஆகி இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடித்தது, வண்டி நடக்கிற வேகத்தில் மேலே வந்துவிட்டது. இப்படி மெதுவாக, பலமாக ஏறுவதற்குத்தான் ஃபோர் லோ, அதாவது நான்கு சக்கரமும் லோ கியரில் இழுப்பது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்துதான் அதற்கு மாற்ற முடியும், அதனால் சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. எக்ஸ்யூவியின் ஆல் வீல் டிரைவில் லோ கியர் கிடையாது. மழை ரோடு, ஈரப் புல், ஜல்லிப் பாதைக்கு அது தாராளம். ஆனால் டிராக்டர் போன தடத்தில் அடி உரசும் என்று மச்சான் மேட்டிலேயே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்.

தோட்டம், எஸ்டேட் என்று ஒன்றும் இல்லாதவர்கள் சாகசத்துக்காக ஃபோர் பை ஃபோர் எடுப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நம் பக்கத்தில் நல்ல கரடுமுரடான பாதைகளில் பாதி காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன, சொந்த வண்டியோடு உள்ளே போக முடியாது. கொழுக்குமலைக்குக்கூட சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்பைப் பிடித்துத்தான் மேலே போகிறார்கள். மற்றபடி ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் தார் ரோடு, அங்கே ஃபோர் லோவுக்கு என்ன வேலை? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

மைலேஜ் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஊருக்குள் 10, 11. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 13, 14. எக்ஸ்யூவி ஒரு மூச்சு கூடக் கொடுக்கும். இரண்டுக்கும் டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவம் ஊற்ற வேண்டும். எக்ஸ்யூவியின் அடாஸ் (வண்டி தானே பிரேக், ஸ்டியரிங்கில் உதவும் வசதி) சேலம் நெடுஞ்சாலையில் நிஜமாகவே களைப்பைக் குறைக்கிறது, பல்லடம் ரோட்டில் பைக்குகள் குறுக்கே பாயும்போது ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மச்சான் பாதியை அணைத்துவிடுகிறார்.

விலை பேசும்போது சாலை வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2023 நவம்பரில் மாற்றியபடி தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதைத் தாண்டினால் 20 சதவீதம். ஃபோர் பை ஃபோர் எடுத்தால் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பீர்கள். நான் புக் செய்தபோது ஷோரூமில் கொடுத்த துண்டுச்சீட்டில் 18 சதவீதம் போட்டே கணக்குச் சொல்லியிருந்தார்கள், பில்லில்தான் மீதி தெரிந்தது.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லோரையும், முடிந்தால் இரண்டு பெட்டியையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாருங்கள், சேல்ஸ்மேன் முகம் சுளித்தாலும் சரி. எனக்கு இப்போது டயர் தேய்ந்துவிட்டது. 255/60 ஆர் 18 அளவில் ஆல் டெரைன் (தார், சேறு இரண்டுக்குமான டயர்) போட்டால் கரிசலுக்கு நன்றாக இருக்கும், ஆனால் தார் ரோட்டில் இரைச்சல் கூடும், மைலேஜும் கொஞ்சம் இறங்கும். மழைக்கு முன்னால் முடிவு பண்ண வேண்டும்.