தமிழ்99 விசைப்பலகை: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழை வரவழைக்கும் ஒலிபெயர்ப்பு முறையிலிருந்து தமிழ்99-க்கு மாறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய இந்த விசைப்பலகை நல்லதா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல இயலவில்லை. பயன்பாட்டு எளிமை, பயனர் மைய வடிவமைப்பு, பயனர் அனுபவம் ஆகிய மூன்றுக்கும் நான் இதற்கு வெவ்வேறு மதிப்பெண்களே தருவேன்.

பயன்பாட்டு எளிமை என்பது, ஐ.எஸ்.ஓ. எனும் பன்னாட்டுத் தர அமைப்பின் 9241-11 தரநிலையின்படி, குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் தங்கள் வேலையை எவ்வளவு சரியாகவும் சிக்கனமாகவும் மனநிறைவோடும் முடிக்கிறார்கள் என்பதாகும். இதில் தமிழ்99-க்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் அமைந்திருப்பதால் கைகள் மாறி மாறி இயங்குகின்றன. ஒரே மெய் இரட்டித்தாலோ, மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலோ முதல் எழுத்தில் புள்ளி தானாகவே விழுகிறது; "தங்கம்" என்று எழுத த, ங, க, ம, புள்ளி என ஐந்து விசைகள் போதும், ஒலிபெயர்ப்பிலோ ஏழெட்டு விசைகள் தேவை. இந்த வசதியே இடறும் சொற்களும் உண்டு: "சமமான" என்று அடித்தால் "சம்மான" என வந்து நிற்கும், இரண்டு மகரங்களுக்கு நடுவே அகர விசையை அழுத்தியாக வேண்டும்.

பயனர் மைய வடிவமைப்பு ஒரு பொருளின் பண்பன்று, அதை உருவாக்கும் முறை. பயனரின் சூழலை அறிந்து, தேவையை வரையறுத்து, வடிவமைத்து, அவர்களிடமே சோதித்து, மீண்டும் திருத்தும் சுழற்சியைத்தான் ஐ.எஸ்.ஓ. 9241-210 விவரிக்கிறது. தமிழ்99 மொழியின் இயல்பை நுட்பமாக அறிந்த அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மேசைக் கணினியையும் பத்து விரல்களையும் எண்ணி அமைந்தது. ஒற்றைக் கட்டைவிரலால் கைப்பேசியில் எழுதுபவருக்கு இடக்கை, வலக்கைப் பிரிவினால் ஆவது ஒன்றுமில்லை, நெருக்கமாக அடுக்கிய சிறு கட்டங்கள்தாம் மிச்சம்.

பயனர் அனுபவம் இவ்விரண்டையும் விட அகலமானது. பயன்படுத்துவதற்கு முன்பே எழும் எதிர்பார்ப்பையும் ஐ.எஸ்.ஓ. 9241-210 அதற்குள் சேர்க்கிறது, அது சரியென்றே எனக்குப் படுகிறது. விசைப்பலகை வரைபடத்தைக் கண்டதுமே "இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா" என்று விலகிய நண்பர்களை அறிவேன். தமிழ்99-இல் ஓர் எழுத்துகூட அடிக்காத அவர்களுக்கும் அதைப் பற்றிய அனுபவம் உண்டு. தமிழ் எழுத்து பொறிக்கப்படாத விசைகள், பிறர் கணினியில் அமைப்பைத் தேடி இயக்க வேண்டிய நிலை, தமிழ் இயங்குவதை மறந்து கடவுச்சொல்லை அடித்துத் தடுமாறுவது போன்றவை விசை அமைப்பின் குறைகள் அல்ல, ஆயினும் எரிச்சல் அதன் கணக்கில்தான் ஏறுகிறது. பழகிய பிறகோ, சிந்தனையை ஆங்கில எழுத்தாக மாற்றாமல் நேரே தமிழில் எழுதும் நிம்மதி வாய்க்கிறது. விசைகளின் எண்ணிக்கையை எவ்வளவு அளந்தாலும் இது அந்த அளவுக்குள் அகப்படாது.

நாள்தோறும் பக்கக்கணக்கில் தமிழ் எழுதுபவர்கள் தொடக்கச் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டு இதற்கு மாறலாம். கைப்பேசியில் இரண்டு வரி அனுப்புவதோடு நின்றுவிடுபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.