பழைய மெட்ராஸ் போஸ்ட்கார்டு வாங்குறவங்க கவனிங்க, படம் ஒரிஜினல், எழுத்து போலி

பழைய பிக்சர் போஸ்ட்கார்டு சேர்க்குறவங்க, முக்கியமா எழுதி அனுப்பின கார்டா தேடித் தேடி வாங்குறவங்க, இத பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. வாட்ஸப்ல பழைய பொருள் விக்கிற ஒரு ஆளுகிட்ட 6,500 ரூபா குடுத்து ஒரு மெட்ராஸ் கார்டு வாங்கினேன். முன்னாடி இருக்குற படம் நெசமாவே பழசு. பின்னாடி இருக்குற எழுத்து, முத்திரை எல்லாம் இப்ப பண்ணினது.

படம் பீச் ரோடு, ஹைகோர்ட் கோபுரம் தெரியுது, கலர் பூசின ஜெர்மன் பிரின்ட். இந்த மாதிரி எழுதாத கார்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆனா இதுல எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் பத்தி எழுதியிருக்குன்னு சொன்னாரு. "நேத்து ராத்திரி ஜெர்மன் கப்பல் குண்டு போட்டுச்சு, எண்ணெய் டாங்க் இன்னும் எரியுது, நாங்க பத்திரமா இருக்கோம்"னு இங்கிலாந்துல இருக்குற தங்கச்சிக்கு ஒரு ஆளு எழுதினதாம். 1914ல எம்டன் வந்து துறைமுகத்து மேல நூத்துக்கு மேல குண்டு போட்டு பர்மா ஆயில் கம்பெனி டாங்க்கை எரிச்சது நமக்கு தெரியும், ஹைகோர்ட் காம்பவுண்டு சுவத்துல அதுக்கு கல்வெட்டே இருக்கு. அத கண்ணால பாத்தவங்க கையெழுத்து, அதுவும் அந்த ஹைகோர்ட் படத்துக்கு பின்னாடியேன்னா எந்த சேகரிப்பாளருக்குத்தான் கை பரபரக்காது?

பின்பக்கத்த தெளிவா ஸ்கேன் பண்ணி அனுப்புங்கன்னு திரும்பத் திரும்ப கேட்டேன். பிளாஸ்டிக் கவர விட்டு எடுத்தா கார்டு உடையும் சார், ஸ்டாம்ப் வந்துரும் சார்னு சொல்லி கவரோடவே லைட் அடிச்ச மாதிரி ஒரு போட்டோதான் வந்துச்சு. அப்ப நான் சொன்னேன், கையில வந்ததும் பாப்பேன், சந்தேகமா இருந்தா ஏழு நாளுக்குள்ள திருப்பி அனுப்புவேன், முழு பணமும் தரணும்னு. சரின்னு மெசேஜ்லயே எழுதிக் குடுத்தாரு, அதுக்கு அப்புறம்தான் ஜிபே பண்ணினேன்.

கொரியர் வந்து கவர பிரிச்சதும் முதல்ல கண்ணுல பட்டது தேதி. மேல "22 செப்டம்பர் 1914"னு எழுதியிருக்கு. எம்டன் குண்டு போட்டதே 22ஆம் தேதி ராத்திரி ஒம்பதரை மணி வாக்குலதான், அப்புறம் எப்படி 22ஆம் தேதி உக்காந்து "நேத்து ராத்திரி"ன்னு எழுத முடியும்? நெட்ல தேதிய பாத்து அப்படியே மேல போட்டிருக்காங்க, உள்ள எழுதின வரியோட பொருந்துதான்னு யோசிக்கல.

அப்புறம் லென்ஸ வச்சு பாத்தேன். ஸ்டாம்ப் அஞ்சாம் ஜார்ஜ் ஒரு அணா, அது நெசமான பழைய ஸ்டாம்ப்தான், ஆனா வேற எங்கயோ இருந்து உரிச்சு ஒட்டினது. முத்திரையோட வளையம் ஸ்டாம்ப் ஓரத்துலயே கத்தரிச்ச மாதிரி நின்னுபோச்சு. கார்டு மேல தொடருற மாதிரி காட்ட இன்னொரு அரை வட்டம் வேற மையில வச்சிருக்காங்க, ரெண்டும் நேரா சேரவே இல்ல, ஊதா கலந்த கருப்பு, ஸ்டாம்ப் பேட் மை. எழுத்தும் அப்படித்தான். நிப் பேனான்னா கீழ இழுக்கும்போது கோடு தடிக்கும், மேல போகும்போது மெலியும். இதுல எல்லா கோடும் ஒரே தடிமன், வளைவுல குட்டி குட்டியா மை திரண்டு நிக்குது, படத்துப் பக்கம் திருப்பி விரலால தடவினா வானத்துல எழுத்தோட அழுத்தம் தெரியுது. பால்பாயின்ட். அது பரவலா கடைக்கு வந்ததே ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச அப்புறம்தான்.

ஃப்ரீயா ஒரு மெரினா கார்டும் வச்சிருந்தாரு. யூவி டார்ச் அடிச்சதும் பளிச்சுன்னு நீலமா மின்னுச்சு. பேப்பர்ல வெளுப்பு கெமிக்கல் போட்டு செஞ்ச புது பிரின்ட், அந்தக்கால அட்டை அப்படி மின்னாது.

உடனே போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பினேன். மொதல்ல, "எழுதினவரு தேதிய தப்பா போட்டிருப்பாரு சார்"னாரு. முத்திரைய பத்தி கேட்டதுக்கு பதிலே இல்ல. பணத்த திருப்பி குடுங்கன்னதுக்கு பாதி பணத்துக்கு வேற கார்டு எடுத்துக்கோங்கன்னாரு. அவரே எழுதிக் குடுத்தத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், பிளாக் பண்ணிட்டு போயிட்டாரு.

இதோட முடியல. மதுரையில கார்டு சேர்க்குற நண்பர் ஒருத்தர்கிட்ட இத சொன்னதும் அவரு வாங்கின பாம்பன் பால கார்டோட பின்பக்கத்த அனுப்பினாரு. அதுல 1912ல ஒரு அம்மா ரயில்ல பாலத்த தாண்டி ராமேஸ்வரம் போனத பத்தி எழுதியிருக்காங்க. பாம்பன் பாலம் தொறந்ததே 1914 பிப்ரவரியில! ரெண்டு கார்டையும் பக்கத்துல வச்சு பாத்தா ஒரே கை, அதே மாதிரி கீழ வால் நீண்ட "எம்", அதே சாய்வு, கீழ போட்டிருக்குற பேரு மட்டும் வேற.

எனக்கு பணத்த விட இதுதான் வலிக்குது. நல்லா இருந்த நூறு வருஷத்து கார்டு மேல பேனாவால கிறுக்கி வச்சிருக்காங்க, இனி அத யாராலயும் பழையபடி ஆக்க முடியாது. நெசமா எழுதி அனுப்பின கார்டு எப்படி இருக்கும்னு கையில வச்சு படிச்சவங்களுக்கு தெரியும். வெயில் தாங்கல, கொசு, உன் லெட்டர் வந்துச்சு, அடுத்த கப்பல்ல கிளம்புறேன், அவ்வளவுதான். படத்துல ஒரு ஜன்னல் மேல பெருக்கல் குறி போட்டு இது என் ரூம்னு எழுதியிருப்பாங்க. பின்பக்கம் அட்ரஸ் மட்டும்தான் எழுதணும்னு இருந்த காலத்து கார்டுல படத்தோட ஓரத்துல, வானத்துல எல்லாம் நெருக்கி நெருக்கி எழுதியிருப்பாங்க. அந்த சாதாரண விஷயத்துலதான் அந்த மனுஷங்க இருக்காங்க. சரித்திர பாடம் மாதிரி அழகா ஒரு சம்பவத்த சொல்லுற கார்டு வந்தா அங்கயே நிறுத்தி தேதி, ஸ்டாம்ப், முத்திரை மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பாருங்க. அஞ்சாம் ஜார்ஜுக்கு முன்னாடி ராஜாவா இருந்த ஏழாம் எட்வர்ட் இறந்ததே 1910 மே மாசம், அதுக்கு முந்தின தேதி போட்ட கார்டுல அஞ்சாம் ஜார்ஜ் ஸ்டாம்ப் இருந்தா விலையே கேக்காதீங்க. கவர விட்டு எடுத்து ரெண்டு பக்கமும் ஸ்கேன் தரமாட்டேன்னு சொல்லுற ஆளுகிட்ட, திருப்பி எடுத்துக்கிறேன்னு எழுதியே குடுத்தாலும், வாங்கவே வேணாம்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915லயும் சைபர் கிரைம் 1930லயும் புகார் குடுத்தாச்சு, மதுரை நண்பரும் குடுத்திருக்காரு. இப்ப அதே ஆளு வேற பேர்ல ஊட்டி ரயில் கார்டு ஒண்ணு போட்டிருக்காரு, பின்பக்கம் அதே வால் வச்ச "எம்". இந்தக் கையெழுத்துல உங்ககிட்ட கார்டு இருந்தா ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து பணம் அனுப்பின ரசீதோட எனக்கு அனுப்புங்க, புகாரோட சேத்து குடுக்குறேன்.