இகத்புரி தம்ம கிரி 10 நாள் விபாசனா தியான கோர்ஸ் – தாராவில இருந்து போய்ட்டு வந்த அனுபவம்

தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் எங்களுக்கு இட்லி தொழில், ராத்திரி மாவு ஆட்டி விடிகாலைல அவிச்சு சைக்கிள்ல விக்கிற பசங்களுக்கு குடுத்து விடுவோம். எனக்கு கோபம் ஜாஸ்தி. போன வருஷம் கணக்குல நாப்பது இட்லி இடிக்குதுன்னு, ஆறு வருஷமா எங்ககிட்ட எடுக்கற ஒரு பையன எல்லார் முன்னாடியும் கேக்கக்கூடாத கேள்வி கேட்டுட்டேன், அப்புறம் பாத்தா தப்பு என் நோட்டுல. அவன் ஒண்ணும் பேசல, மறுநாள்ல இருந்து வரவும் இல்ல. அந்த வாரமே இதுக்கு ஒரு வழி பாத்தாகணும்னு தோணிடுச்சு.

மொதல்ல ஒரு தியான மொபைல் ஆப், அப்புறம் ஒரு ஹால்ல காசு கட்டி சனி ஞாயிறு தியான கிளாஸ். கிளாஸ்ல மியூசிக் போட்டு கண்ண மூட சொன்னாங்க, சுகமா இருந்துச்சு, திங்கக்கிழமை கேஸ் சிலிண்டர் லேட்டா வந்ததும் பழைய ஆளா ஆயிட்டேன். நான் கண்ண மூடி உள்ள என்ன பண்றேன்னு யாரும் கேக்கவே இல்ல, அதான் அங்க குறை.

எதிர் வீட்டு அண்ணாச்சி சொல்லித்தான் விபாசனாவுக்கு எழுதிப் போட்டேன். இந்த தியானத்த இந்தியால சொல்லிக்குடுத்த கோயங்காஜி பர்மால மாண்டலேல பொறந்த வியாபாரி, தீராத தலைவலிக்கு மருந்து தேடி 1955ல ஊ பா கின்ங்கற தியான ஆசிரியர்கிட்ட போனவரு. அந்த ஊ பா கின் சாமியார் இல்ல, பர்மா அரசாங்கத்துல அக்கவுண்டன்ட் ஜெனரல். கணக்குப்பிள்ளையும் வியாபாரியும்னு கேட்டதுமே நமக்கும் வரும்னு ஒரு தைரியம். 1969ல இந்தியா வந்து கத்துக்குடுக்க ஆரம்பிச்சாரு, இகத்புரில இருக்கற தம்ம கிரி மையத்துல 1976ல இருந்து கோர்ஸ் நடக்குது. 2013ல அவரு போயிட்டாரு, இப்பவும் அவர் குரல் பதிவுலதான் பாடம், பக்கத்துல துணை ஆசிரியர்கள் உக்காந்து நம்மள பாத்துக்கறாங்க, அவங்களுக்கு சம்பளம் கிடையாது.

தாதர்ல ரயில் ஏறினா நாசிக் போற வழில இகத்புரி, அதுக்கு முன்னாடி காசரா ஸ்டேஷன்ல பின்னாடி இன்னொரு இஞ்சின் மாட்டி மலைப்பாதைல தள்ளி ஏத்துவாங்க, மழைக்காலத்துல போனா அதுவே ஒரு காட்சி. ஃபோன வாங்கி வச்சுடுவாங்க, பத்தாவது நாள் வரைக்கும் கூட இருக்கறவங்க கூட பேச்சு கிடையாது, ஆசிரியர்கிட்ட மட்டும் சந்தேகம் கேக்கலாம். காலைல 4 மணிக்கு மணி அடிப்பாங்க, எனக்கு அது தொழில் நேரம்தான். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 10 மணி நேரம் உக்காரணும். 11 மணிக்கு சாப்பாடு, புதுசா வர்றவங்களுக்கு சாயங்காலம் 5 மணிக்கு டீயும் பழமும் பொரியும், அவ்ளோதான். முதல் மூணு நாள் மூக்குகிட்ட மூச்ச மட்டும் பாக்கணும், நாலாவது நாள்ல இருந்து உச்சந்தலை தொட்டு கால் வரைக்கும் உடம்புல என்ன தெரியுதுன்னு பாக்கணும், அப்புறம் தெனம் மூணு தடவ ஒரு ஒரு மணி நேரம் அசையாம.

அஞ்சாம் நாள் முட்டி வலி உயிர் போச்சு. மத்தியானம் ஆசிரியர பாக்க போயி, வலிய மூச்சால தள்ளிப் பாக்கறேன் போகலன்னு சொன்னேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. "தள்ளாதீங்க. அந்த வலி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?"ன்னு இந்தில கேட்டாரு. எனக்கு தெரியல. "ரெண்டு நிமிஷம் அத பாருங்க, அப்புறம் அடுத்த இடத்துக்கு போங்க, நாளைக்கு வந்து சொல்லுங்க"ன்னாரு. சாயங்காலம் பாத்தேன், முழு கால்னு நெனச்ச வலி முட்டிக்கு உள்பக்கம் உள்ளங்கை அளவுதான், அதுவும் ஒரே மாதிரி நிக்கல, கூடிக் கொறஞ்சுட்டு இருந்துச்சு. அந்த ஒரு கேள்விய எந்த ஆப்பும் என்கிட்ட கேக்கல, நான் தப்பா பண்றது அவருக்கு ஒரு வரில புரிஞ்சுது பாருங்க, அனுபவம்னா அதுதான்.

இப்ப கோபம் வர்றப்ப காது மடலுக்கு கீழ சூடு ஏறுறது மொதல்ல தெரியுது, வார்த்தை அதுக்கப்புறம்தான் வருது. நடுவுல கிடைக்கற அந்த ரெண்டு செகண்ட் எனக்கு போதும். எல்லா நாளும் பிடிபடுதுன்னு சொல்ல மாட்டேன். காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம் பண்ண சொல்றாங்க, அடுப்பு வேலைல எனக்கு முடியல, டெலிவரி முடிஞ்சு 10 மணிக்கு மேல நாப்பது நிமிஷம் உக்காருவேன், விட்டா ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியுது.

காசு கேக்க மாட்டாங்க, கோர்ஸ் முடிச்சவங்க மட்டும் விருப்பப்பட்டா நன்கொடை குடுக்கலாம். இடம் சீக்கிரம் நிரம்பிடும், அதனால தேதிய முன்னாடியே பாத்து வைங்க, சாயங்கால பேச்சு தமிழ்லயும் பதிவா இருக்கு, ஃபார்ம்லயே மொழிய எழுதிடுங்க. மனசு சம்பந்தமா வைத்தியம் பாக்கறவங்க அத மறைக்காம எழுதணும், டாக்டரையும் கேக்கணும், பத்து நாள் மௌனம் எல்லாருக்கும் ஒத்துக்காது. முட்டி வலி உள்ளவங்க வெக்கப்படாம நாற்காலி கேளுங்க.

அந்த பையன சயான்ல போயி பாத்து மன்னிப்பு கேட்டேன். சைக்கிளுக்கு திரும்ப வரல, ஆனா டீ வாங்கிக் குடுத்தான்.