கைச்சுற்று சாக்ஸ் இயந்திரம்: 72 ஊசி மாடல் வாங்கலாமா?

சாக்ஸ் மில்லில் வரிசையாக ஓடும் இயந்திரங்களுக்குத் தாய், ஊசிகள் வட்டமாக நிற்க, மேசை விளிம்பில் முடுக்கிக் கையால் சுற்றும் இந்த உருளைதான். வில்லியம் லீ 1589-இல் செய்த பின்னல் சட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஊசிக் கொக்கிகளை ஒரு கட்டையால் அழுத்தி மூட வேண்டும். 1849-இல் மேத்யூ டவுன்செண்ட் காப்புரிமை பெற்ற லாட்ச் ஊசியில் (கொக்கியை மூடும் சின்னத் தாழ்ப்பாள் கொண்ட ஊசி) அந்த வேலையே இல்லை. ஊசி இறங்கும்போது பழைய கண்ணியே தாழ்ப்பாளைத் தள்ளி மூடிவிடும். கைப்பிடி ஒரு சுற்று வந்தால் 72 கண்ணி விழுவது அந்தச் சின்னத் தாழ்ப்பாளின் புண்ணியம்.

பழைய இயந்திரம் வாங்குபவர்கள் முதலில் ஊசிகளைப் பாருங்கள். தாழ்ப்பாள் தளர்ந்தோ துருவேறி இறுகியோ இருந்தால் கண்ணி நழுவும். துணியில் ஒரே நேர்க்கோட்டில் ஏணி போல் ஓடினால் கோளாறு அந்த ஒரு ஊசியில், மாற்றினால் சரி. இடம் மாறி மாறி விழுந்தால் நூல் ஊட்டி விலகியிருக்கிறது, அல்லது துணியைக் கீழே இழுக்கத் தொங்கவிடும் எடை போதவில்லை.

இதன் உண்மையான பலம் குதிகால். ஒரு பாதி 36 ஊசிகளை உயர்த்தி வேலையிலிருந்து விலக்கிவிட்டு, மீதி 36-இல் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒவ்வொரு போக்கிலும் ஓரத்து ஊசி ஒன்றை உயர்த்த வேண்டும். நடுவில் 12 மிஞ்சியதும் ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்க வேண்டும். பிளாஸ்டிக் பொம்மை இயந்திரங்களில் இது நடக்காது. புதியவர்கள் தவறுவதும் இங்கேதான்: குதிகால் வளர வளர எடையின் கொக்கியை மேலே நகர்த்தாவிட்டால், துணி தொய்ந்து கண்ணிகள் ஊசியை விட்டு மேலே மிதந்து வந்துவிடும். திசை மாறும்போது தளரும் நூலை இழுத்துக்கொள்ளும் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் ஓரத்தில் ஓட்டை விழும்.

ரிப் (இழுபடும் வரிவரியான பின்னல்) போடும் டயல், அதாவது உருளையின் மேல் வைக்கும் ஊசித் தட்டு, தனித் துணைக்கருவி. ஒன்றுக்கு ஒன்று ரிப்புக்கு உருளையில் 36, டயலில் 36 ஊசி. டயல் உருளையோடு ஒத்து இயங்கும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் டயல் ஊசிகளுக்கு நூலே கிடைக்காது. வெறும் உருளையில் கை பழகிய பிறகு வாங்குவதே நல்லது.

72 ஊசிக்கு மெல்லிய சாக்ஸ் நூல்தான் பொருந்தும். தடித்த நூலென்றால் 60 அல்லது 54 ஊசி உருளை வேண்டும். விரல் நுனியை மட்டும் இயந்திரம் மூடித் தராது, தையலூசியால் கையில்தான் இணைக்க வேண்டும்.