மஞ்சள் மாத்திரையும் ஹீலா செல்களும்

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளோடு மிளகின் பைப்பரினும் சேர்ந்த இந்த மாத்திரையின் அட்டைப்பெட்டியில், ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பது) என்ற சொல்லுக்குக் கீழே, கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களை அழிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது முழுப் பொய்யன்று. அதனால்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. 1951-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற நோயாளியின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா செல்களில், அந்தப் புற்றை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் 18-ஆம் வகையிலுள்ள இ6, இ7 புரதங்கள், புற்றைத் தடுக்கும் பி53, ஆர்பி ஆகிய புரதங்களை முடக்கிவிடுகின்றன. குர்குமின் அந்த வைரஸ் புரதங்களின் உற்பத்தியைக் குறைத்துச் செல்லைத் தன்னழிவுக்குத் தள்ளுவதை ஆய்வகத் தட்டுகளில் கண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், செறிவு கூடும்போது இதே பொருள் ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டியும் செல்லைக் கொல்கிறது.

ஆனால் தட்டில் ஊற்றும் செறிவு, விழுங்கிய மாத்திரையால் இரத்தத்தில் சேர்வதில்லை; குடலும் கல்லீரலும் பெரும்பகுதியை மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. உறிஞ்சலைக் கூட்டவே சேர்க்கப்படும் பைப்பரின், வேறு சில மருந்துகளின் இரத்த அளவையும் உயர்த்தக்கூடும் என்பதைப் பெட்டி சொல்லவில்லை. என் பார்வையில் இதுவே பெருங்குறை. மாத்திரை எளிதாக விழுங்க வருகிறது, வாடையும் குறைவு. எனினும் கீமோதெரபி பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். நோய்த்தடுப்புக்காக வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை மகளின் ஹெச்பிவி தடுப்பூசிக்கும் தங்கள் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கும் ஒதுக்கலாம்.