நாலு சீசன், ஒரு 'டிர்ர்': என் வேட்டை வில்லின் ஸ்டெபிலைசர்

இங்கே மிச்சிகனில், கேன்டனில் இருக்கும் நண்பர் இந்த வருஷம் காம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் கப்பி வைத்த வில்) வாங்கிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "அண்ணே, நீங்க வெச்சிருக்கிற அதே ஸ்டெபிலைசர் செட் 180 டாலர்ல இருந்து 120க்கு இறங்கியிருக்கு. போட்டுடவா?" என்று கேட்டார். (ஸ்டெபிலைசர் என்றால் குறி பார்க்கும்போது வில் ஆடாமல் இருக்க அதில் மாட்டும் எடைக் கம்பி.) அடுத்த நிமிஷமே "வேண்டாம்" என்று பதில் போட்டேன். "நீங்க நாலு வருஷமா அதைத்தானே மாட்டியிருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்து, கட்டைவிரல் வலித்து, இங்கே வந்துவிட்டேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நான் இருப்பது மிச்சிகன். இங்கே லைசென்ஸ் எடுத்துவிட்டால் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை வில்லோடு போகலாம். நடுவில் துப்பாக்கிக்காரர்களின் இரண்டு வாரம். மறுபடி டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை நமக்கு. அம்மாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "கடையில கறி கிடைக்காதாடா அங்க?" என்று போனில் வருஷம் தவறாமல் கேட்பார்.

என் வில்லின் இழுவிசை 60 பவுண்டு. நாண் இழுப்பு 28 அங்குலம். செட்டில் முன்னால் 10 அங்குல கார்பன் கம்பி ஒன்று, பின்பக்கம் இடது புறமாகச் சாய்ந்து நிற்கும் 8 அங்குலப் பேக் பார் ஒன்று, நுனிகளில் திருகி மாட்ட ஒரு அவுன்ஸ் எடை வில்லைகள். முன்கம்பியைச் சட்டென்று கழற்றி மாட்ட ஒரு குவிக் டிஸ்கனெக்ட். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நண்பருக்குத் தெரியும், அது போதும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும்.

இதற்கு முன் நான் வைத்திருந்தது நாலரை அங்குல ரப்பர்க் குண்டு. வில்லோடு சேர்த்து விற்பார்களே, அந்த மாதிரி. அது அதிர்வை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வில்லை நிறுத்தி வைக்காது. ஒலிம்பிக்கில் தீபிகா குமாரியின் வில்லுக்கு முன்னால் நீளமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1961இல் ஏர்ல் ஹோய்ட் வில்லில் எடை மாட்டிப் பார்த்த நாளிலிருந்து கணக்கு மாறவில்லை. பிடியிலிருந்து 5 அங்குலத்தில் 6 அவுன்ஸ் வைத்தாலும், 10 அங்குலத்தில் 3 அவுன்ஸ் வைத்தாலும் வில்லை முன்னால் கவிழ்க்கும் இழுப்பு ஒன்றேதான். ஆனால் வில் அசையாமல் இருக்க உதவும் எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தில் கூடும். அதனால் இரண்டாவது ஏற்பாட்டில் எடை பாதி, நிலைப்பு இரண்டு மடங்கு. அந்த ரப்பர்க் குண்டுக்கு 40 டாலர் கொடுத்தது இன்றும் உறுத்துகிறது.

இந்தச் செட்டை மாட்டிய முதல் நாள், பின்கட்டில் 30 கெஜத்தில் ஆறு அம்பு விட்டேன். அதற்கு முன் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிய அம்புகள் ஒரு டம்ளர் வாய்க்குள் அடங்கின. நான் பெரிய வில்லாளி இல்லை. அதற்கு முந்தின நாளும் அதே கை, அதே கண்தான். குறி பார்க்கும் சைட்டில் இருக்கும் ஊசி இலக்கின் மேல் கொசு மாதிரி அலைவது நின்று, தூக்கம் வந்த குழந்தை மாதிரி மெதுவாக ஆடியது. அந்த ஆட்டத்துக்குள் விரலை அமுக்க நேரம் கிடைத்தது.

பேக் பாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். வலக்கைக்காரர்களுக்கு சைட்டும் அம்பறாத்தூணியும் வில்லின் வலது பக்கம்தான் தொங்கும். (அம்பறாத்தூணி என்று சொன்னால் என் மகள் சிரிப்பாள். அதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.) அந்தப் பாரத்தில் வில்லின் தலை வலப்பக்கம் சாயும், சைட்டில் இருக்கும் ரசமட்டக் குமிழி இடப்பக்கம் ஓடும். நாம் அறியாமலே மணிக்கட்டால் முறுக்கி நேராக்குவோம். பொழுது போக்குக்கு விடும் அம்பில் இது தெரியாது. மூன்று மணி நேரம் மரத்துப் பரணில் உறைந்து உட்கார்ந்துவிட்டு விடும் அம்பில் தெரியும். பேக் பார் இடது பக்கம் எடை போட்டு அந்த முறுக்கை எடுத்துவிடுகிறது. கண்ணை மூடி நாணை இழுத்து, நிதானமாகி, கண்ணைத் திறந்து பாருங்கள். குமிழி நடுவில் இருந்தால் எடை சரி.

முதல் சீசனில் லிவிங்ஸ்டன் கவுன்ட்டியில் ஒரு சோளக்காட்டு ஓரம் 18 கெஜத்தில் ஒரு பெட்டை மான். அம்பு நினைத்த இடத்தில் போனது. அறுபது கெஜம் ஓடி விழுந்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இந்தக் கம்பிக்குக் கோயிலே கட்டலாம் என்று எழுதியிருப்பேன்.

இரண்டாவது வருஷம் ஆகஸ்டில் சத்தம் ஆரம்பித்தது.

பெரிய சத்தம் இல்லை. அம்பு போன பிறகு ஒரு 'டிர்ர்'. எவர்சில்வர் மூடி தரையில் சுற்றி அடங்கும் கடைசி நொடி இருக்குமே, அது. முதலில் அம்பைத் தாங்கும் ரெஸ்ட் என்று நினைத்தேன், கழற்றி இறுக்கினேன். சைட்டின் ஊசிக் கூடு என்று நினைத்தேன். நாண் நிறுத்தியின் ரப்பரை மாற்றினேன். லிம்ப் டாம்பர்களை (வில்லின் கிளைகளில் அதிர்வை வாங்கும் ரப்பர்) மாற்றினேன். அம்பறாத்தூணியின் பிடியில் துணி சுற்றினேன். இரண்டு வாரம், 35 டாலர். சத்தம் அப்படியே இருந்தது. கடைக்காரர் வில்லை வாங்கி நாலு தடவை விட்டுப் பார்த்துவிட்டு, எல்லா வில்லும் கொஞ்சம் பாடத்தான் செய்யும் என்றார்.

கண்டுபிடித்தது என் ஒன்பது வயது மகள். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, சத்தம் வில்லுல இல்ல. அந்தக் குச்சியில வருது" என்றாள். முன்கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு அம்பு விட்டேன். சுத்தமான 'தப்', அவ்வளவுதான். மாட்டினேன், டிர்ர். அவள் மாம்பழக் கையோடு வந்து கம்பியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினாள். குவிக் டிஸ்கனெக்டின் அலுமினிய வாய் தேய்ந்து, ஒரு நகக்கண் அளவு கூட இல்லாத ஆட்டம் வந்திருந்தது.

கம்பெனிக்கு எழுதினேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது, மரியாதையான பதில்தான். புதுக் குவிக் டிஸ்கனெக்ட் இலவசமாகவே அனுப்பினார்கள். இதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அது பதினான்கு மாதம் தாங்கியது. மறுபடி எழுதியபோது, அளவான ஆட்டம் இயல்புதான், செயல்பாட்டைப் பாதிக்காது என்று பதில். செயல்பாட்டைப் பாதிக்காது! அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது சீசன், டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை. 16 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 9. பொழுது விடிந்து முக்கால் மணி நேரம். காற்றே இல்லை. பனி மேல் அணில் நடந்தால் ஆள் நடப்பது போலக் கேட்கும் காலை. இந்தக் குளிரில் கம்பி நுனியில் இருக்கும் டாம்பர் ரப்பர் விறைத்துக் கட்டையாகிவிடும், அதிர்வை வாங்காது. அதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. பெட்டை மான் ஒன்று சதுப்பிலிருந்து ஏறி 22 கெஜத்தில் நின்றது. நாணை இழுக்கும்போதே கம்பி ஒரு 'டிக்' போட்டது. மான் தலையைத் தூக்கிப் பரணையே பார்த்தது. அந்த இடத்தில் இறக்கியிருக்க வேண்டும். நான் விட்டேன்.

அந்தத் தூரத்தை என் அம்பு கடக்கக் கால் நொடி ஆகும். வில்லின் சத்தம் அதில் கால் பங்கு நேரத்திலேயே மானின் காதுக்குப் போய்விடும். நிம்மதியாக மேயும் மானுக்குத் தப்ப அந்த மிச்ச நேரம் போதாது. ஏற்கெனவே விறைத்து நிற்கும் மானுக்குத் தாராளம். அது குதித்து ஓடுவதற்காக முதலில் காலை மடக்கித் தாழும். தாழ்ந்தது. அம்பு முதுகுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் போய்ப் பனியில் செருகியது. அம்பில் ஒரு மயிர் கூட இல்லை, நல்லவேளை. காயம் பட்டு ஓடியிருந்தால் அந்தப் பாவம் இன்னும் துரத்தியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குவிக் டிஸ்கனெக்டைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். கம்பியை நேராக ரைசரிலேயே (வில்லின் நடுச்சட்டம்) திருகினேன். நடுவில் ஒரு சின்ன ரப்பர் வளையம், மரையில் திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அப்புறம் கழற்ற அடுப்பு வேண்டும். நுனி வில்லைகளுக்கும் அதே வைத்தியம். சத்தம் போயே போச்சு. இன்றுவரை வரவில்லை. மொத்தச் செலவு 7 டாலர்.

ஆனால் கம்பி நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருந்ததால் வில் பெட்டி மூடவில்லை. பெரிய பெட்டி 90 டாலர். பரணுக்குக் கயிற்றில் வில்லை ஏற்றும்போது கம்பி நுனி ஏணியின் ஒவ்வொரு படியிலும் கோயில் மணி மாதிரி தட்டும். அதற்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டி ஏற்றுகிறேன். தரையில் மறைவுக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தால் ஜன்னல் துணியில் இடிக்கும், ஒரு அடி பின்னால் தள்ளி உட்கார வேண்டும். 180 டாலர் சாமானுக்குச் சாக்ஸ் மாட்டும் நிலைமை.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 120 டாலரை இப்போதே கொடுக்க வேண்டாம். முதலில் ஹார்ட்வேர் கடைக்குப் போய் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை உள்ள திருகு கம்பி ஒரு அடி வாங்குங்கள். அநேகமாக எல்லா காம்பவுண்ட் வில்லுக்கும் ஸ்டெபிலைசர் துளை அந்த அளவுதான். பெரிய வாஷர் ஒரு கை, நாலு நட்டு. பத்து டாலருக்கு மேல் போகாது. வாஷரை நட்டுகளுக்கு நடுவில் இறுக்கி 6 அங்குலத்தில் ஒரு நாள், 8இல் ஒரு நாள், 10இல் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சைட் ஊசி இலக்குக்குக் கீழே கீழே வழுக்கினால் முன்னால் எடை அதிகம், குறையுங்கள், இல்லையென்றால் பின்னால் ஏற்றுங்கள். மேலே மேலே மிதந்தால் முன்னால் இன்னொரு வாஷர். பத்தாவது அம்பில் தோள் நடுங்கினால் மொத்தமே அதிகம். முதல் அம்பை நம்ப வேண்டாம், முதல் அம்பில் எல்லா எடையும் நன்றாகத்தான் இருக்கும். எந்த நீளம், எத்தனை அவுன்ஸ் என்று உங்கள் கை சொன்ன பிறகு, அந்த அளவில் விறைப்பான கார்பன் கம்பி எது மலிவோ அதை வாங்குங்கள். 12 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், கோடையில் 3டி போட்டிகளில் (மிருகப் பொம்மைகளைக் குறி வைப்பது) ஹன்டர் பிரிவில் நிற்க ஆசை வந்தால் அதுதான் வரம்பு. குவிக் டிஸ்கனெக்ட் மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரணில்தான் எப்போதும் உட்காரப் போகிறேன், 20 கெஜத்துக்கு மேல் விடமாட்டேன் என்பவருக்கு 6 அங்குலமே போதும். அதைச் சொன்னால் விற்பவர்களுக்குப் பிடிக்காது.

"அப்போ உங்க செட்?" என்று கேட்பீர்கள். நாலாவது சீசனில் அதே சோளக்காட்டு ஓரம், 27 கெஜத்தில் ஒரு ஆறு கிளைக் கொம்பன் மான். சைட் ஊசி அதன் தோளுக்குப் பின்னால் ஒட்டிவைத்த மாதிரி நின்றது. அந்தக் கம்பி இல்லாமல் அந்தத் தூரத்தை நான் முயன்றிருக்கவே மாட்டேன். இருந்தாலும் யாராவது வாங்கலாமா என்று கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு வாரம், ஒரு மான், ஒரு பெட்டி, ஒரு சாக்ஸ். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

சனிக்கிழமை காலை வில்லோடு வீட்டுக்கு வாருங்கள். திருகு கம்பியும் வாஷரும் என்னிடமே இருக்கின்றன, அம்பு மட்டும் ஆறு கொண்டு வந்தால் போதும். சத்தம் கேட்க மகளை உட்கார வைக்கிறேன். என் செட்டைக் கழற்றித் தருவேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.